வடக்குக் குறி இல்லாத வரைபடம்

நகரமைப்பு அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எந்த வரைபடம் வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி ஒரு குறையைப் பிடித்துவிடுவேன். அதைத் திறமை என்றுதான் நினைத்திருந்தேன்.

வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்துக்குக் கெடு உண்டு. கெடு முடிவதற்கு முதல் நாள் ஏதாவது குறை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டால் கம்ப்யூட்டரில் அது 'முடிந்தது' என்று பச்சையில் விழும். சரிசெய்து மறுபடி கொடுத்தால் புது எண், புதுக் கெடு. எங்களிடம் எந்தக் கோப்பும் கெடு தாண்டியதில்லை என்று மேலதிகாரி மீட்டிங்கில் சொல்லும்போது நானும் நிமிர்ந்து உட்காருவேன்.

அந்த வருடம், அனுமதி தரும் முறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அரசு ஒரு தனிக்குழுவை அனுப்பியது. தலைமை, சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒரு அம்மா. இரண்டு நாள் எங்கள் பட்டியலைப் பார்த்தார். எல்லாம் பச்சை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்ரீரங்கத்துல ஒரே கதவு எண்ணுக்கு மூணு கோப்பு. மூணும் முடிஞ்சிருக்கு. கட்டியாச்சான்னு போய்ப் பார்ப்போம். நீங்களும் வாங்க."

எந்த வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பக்கவாதம் வந்த மனைவி மாடியிலேயே கிடக்கிறார். கீழ்வீடு தம்பி பாகம். கொல்லையில் ஓர் அறையும் குளியலறையும் கட்டினால் அவரைக் கீழே கொண்டுவந்துவிடலாம். மூன்று முறையும் திருப்பியவன் நான். கடைசி முறை வேறு குறை கிடைக்காமல், வடக்குக் குறி போடவில்லை என்று எழுதினேன். "போட்டுட்டு வரேங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குறுகலான படியில் ஏறி மாடிக்குப் போனோம். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த மனைவி, அதிகாரி கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"வடக்கு எதுன்னு தெரியலைன்னு திருப்பிட்டாங்களாம். இங்கேர்ந்தே கொள்ளிடம் தெரியுதுங்க. அதானே வடக்கு?"

"யாரு எழுதினது?" என்று அதிகாரி வீட்டுக்காரரிடம் கேட்டார். நான்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் என்னைப் பார்க்காமல், "தெரியலீங்க மேடம்" என்றார். காட்டிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"நான்தான் மேடம்," என்றேன். "மறுநாள் கெடு முடியுது. அதான் எழுதினேன்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா சார்? அப்ப உங்ககிட்டயே கேட்டுடறேன். கீழ ரூம்ல வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல் வெச்சுக்கலாமா? ஆத்துக்காத்து வரும்."

அனுமதி கொடுக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. "வெச்சுக்கங்கம்மா" என்றேன். இத்தனை வருட வேலையில், கேட்ட உடனே நான் கொடுத்த அனுமதி அது ஒன்றுதான்.