புகைப்பெட்டிக்காரர் ஐயாவு

சத்தியமாக நடந்த கதை சொல்கிறேன். அம்மன் மேல் ஆணை. ஒரு முழம் நடந்ததென்றால் ஒரு சாண் நான் நீட்டியிருப்பேன். அதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன், பிறகு சன்னாசி புளுகுகிறான் என்று யாரும் சொல்லக்கூடாது.

ஜெலாப்பாங்கில் ஜைனுலாப்தீன் பாயின் கோப்பிக் கடையில்தான் இதைச் சொன்னேன். எதிரே லோரி டிரைவர் உடையப்பன் அண்ணன். கதையில் செத்துப் பிழைத்தவரே அவர்தான். அவர் பக்கத்தில் மாயாண்டி, ஐயாவுவின் மச்சான்.

ஐயாவு எங்கள் லோரிப் பட்டறையில் புகைப்பெட்டி பார்ப்பவர். அதற்கு முன் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் அளந்துகொண்டிருந்தார். பாலில் அளவுக்குழாயை மிதக்கவிட்டு, கை நடுங்காமல் எண் வாசிப்பார். அந்தக் கைக்காகவே பட்டறையை நடத்தும் துரை அவரை இங்கே அழைத்து வந்தார். கை நடுங்காது, சரி. மற்றதெல்லாம் நடுங்கும். துரையின் பூட்ஸ் ஈப்போவில் சத்தம் போட்டால் ஜெலாப்பாங்கில் இவர் சட்டைப் பொத்தானைப் பூட்டுவார். கோழி கொக்கரித்தாலும் "வாரேன் துரே" என்று எழுந்து நிற்பார்.

புகைப்பெட்டி சீமையிலிருந்து கப்பலில் வந்தது. மரப்பெட்டிக்குள் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயும் மூன்று குப்பிகளும். லோரிப் புகையை நூறு கோடு உறிஞ்சி ஒவ்வொரு குப்பிக்குள்ளும் அனுப்ப வேண்டும். முதல் குப்பியில் இருக்கும் காரத்தண்ணீர் கரிக்காற்றைக் குடிக்கும். இரண்டாவது நாம் மூச்சுவிடும் நல்ல காற்றைக் குடிக்கும். மூன்றாவது ஆளைக் கொல்லும் விஷக்காற்றைக் குடிக்கும். எது எத்தனை கோடு குடித்தது என்று பார்த்தால் லோரி பெட்ரோலை ஒழுங்காக எரிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பெட்டி உண்மை பேசுகிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. தினமும் காலையில் ஐயாவு வாசல் காற்றை இழுத்துப் பார்ப்பார். வெறும் காற்றில் இரண்டாவது குப்பி இருபத்தொரு கோடு குடிக்க வேண்டும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசிக் காலை. முதல் குப்பியைத் திறந்து மூடும் கண்ணாடித் திருகு இறுகிப்போனது. அதற்குத் தடவும் வாஸ்லின் களிம்பு டப்பா காலி. துரையிடம் போய்க் கேட்கப் பயம். வீட்டுக்கு ஓடி, மனைவி செல்லாயியின் தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து தடவிவிட்டார். காரத்தண்ணீரோடு தேங்காயெண்ணெய் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு ஆகும்! திருகு நுரைத்துத் தளர்ந்தது. காற்றை இழுத்துப் பார்த்தார். பதின்மூன்று கோடுதான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் போன மாதம்தான் ஒரு குப்பியை உடைத்த சின்னையாவைத் துரை சட்டி பானையோடு வெளியேற்றியிருந்தார். ஐயாவு பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டு நின்றார்.

துரை வந்தார். உடையப்பன் அண்ணனின் லோரிப் புகையை எடுக்கச் சொன்னார். மூன்றாவது குப்பி ஒரே ஒரு கோடுதான் குடித்திருந்தது.

"நல்லா இருக்கு. மழை வருது, கதவு சாத்து. உடையப்பன், கீழே படுத்து கியர் சத்தம் கேளு" என்று சொல்லிவிட்டுத் துரை ஆபீசுக்குப் போனார்.

எஞ்சின் உள்ளே ஓடியது. கதவைச் சாத்திவிட்டு நானும் ஐயாவுவும் வெளியே கூரைத் தகரத்தின் கீழ் ஒதுங்கினோம்.

"என்னாண்ணே, மூஞ்சி சுண்ணாம்பு பூசுன மாதிரி இருக்கு?"

"சன்னாசி, பெட்டி பொய் சொல்லுதுடா."

"பெட்டிக்கு வாய் வேற இருக்கா?"

"வெளையாடாத. வெளிக்காத்து உள்ள நொழையுது. விஷம் ஒண்ணுன்னு காட்டுனா, நெசத்துல எட்டோ பத்தோ. அது தெரியாம அந்தாளு உள்ள படுத்திருக்கான்."

"அப்ப துரைகிட்ட சொல்லுங்கலா!"

"சொன்னா வேலை போயிரும். செல்லாயி மாசமா இருக்கா."

உள்ளே உடையப்பன் அண்ணன் ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தார். டிங், டிங், டிங். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டல் மெதுவானது. ஒன்று. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று. பிறகு மழையும் எஞ்சினும் மட்டும்தான் கேட்டன.

ஐயாவு ஆபீஸ் பக்கம் ஒரு அடி வைத்தார், திரும்பினார். பிறகு கதவின் மேல் போய் விழுந்தார். தாழ்ப்பாளைப் பிடித்த கை ஆடிய ஆட்டத்தில் அது திறக்கவில்லை. நான்தான் தூக்கினேன்.

ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து மழையில் போட்டோம். உடையப்பன் அண்ணனின் முகம் ரம்புத்தான் பழம்போலச் சிவந்திருந்தது. மூச்சே இல்லை. "எந்திரிண்ணே, எந்திரிண்ணே" என்று ஐயாவு அவர் நெஞ்சில் அடித்து அழுதார். ஒரு யுகம் கழித்து அண்ணன் இருமினார். அந்த இருமலில் கூரைத் தகரம் மூன்று பறந்தது. சரி, ஒன்று.

அவரைத் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குத் தூக்கிப் போன பிறகு துரை வந்து நின்றார்.

"துரே, பெட்டி பொய். எனக்குக் காலையிலயே தெரியும்" என்றார் ஐயாவு.

துரை திருகை விரலால் தேய்த்து நுரையைப் பார்த்தார். பிறகு, தாமே சாத்தச் சொன்ன கதவைப் பார்த்தார்.

"யாரும் பேச வேணாம்" என்றார். இன்றுவரை யாரும் பேசவில்லை.

கதையை இங்கே முடித்துவிட்டு, கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். உடையப்பன் அண்ணன் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"காலையிலயே தெரியுமா அவனுக்கு?"

"அது வந்துண்ணே..."

"நான் மயங்கிக் கெடந்தத தற்செயலா பாத்துத் தூக்குனதா சொன்னான்லா! மூணு தீவாளிக்கு அவன் வீட்டுக்குக் கோழி கொண்டுபோயி குடுத்தேனே!"

மாயாண்டி எழுந்தான். "உசுரக் காப்பாத்துன ஆளுக்கு மூணு கோழி பெருசாப் போச்சா?"

"எடுக்கப் பாத்தவனே அவன்தான்டா!"

"கதவ சாத்தச் சொன்னது துரை. துணிச்சல் இருந்தா அவருகிட்ட போயி கேளு!"

பெஞ்சு கவிழ்ந்தது. ஜைனுலாப்தீன் பாய் கரண்டியோடு ஓடிவந்தார். "ஏய், வெளிய போயி அடிச்சிக்குங்கடா, கிளாஸ் எல்லாம் ஒடஞ்சு ஹபிஸ் ஆயிரும்!"

உடையப்பன் அண்ணன் மாயாண்டியை விட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்தார். "நீ ஏன்டா மூணு வருஷமா வாய மூடிகிட்டு இருந்த?"

"துரை பேச வேணாம்னாருண்ணே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மாயாண்டி அவர் தோளைப் பிடித்து இழுத்தான். அவர் என் சட்டையை விடவில்லை.