சுற்றிப் போட்ட உப்பு

சித்தப்பா கடைகிற பாலை யாரும் குடிக்க முடியாது. பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, பெரிய மத்தால் கடைவார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் போன இடம் தெரியாமல் பானை முழுக்க வெள்ளைவெளேரென்று ஆகிவிடும். அதில் தண்ணீர் விளாவிப் பருத்திச் செடிக்கு அடித்தால் அசுவினிப் பூச்சி சாகும். ஐம்பதுகளின் கடைசியில், மல்லாங்கிணறுப் பக்கம் இருந்த எங்கள் கரிசல் காட்டுக்கு அதுதான் மருந்து. அந்த வருஷம் இலைக்கு அடியெல்லாம் பூச்சி அப்பிக் கிடந்தது.

அந்தப் பாலுக்கு உப்பு ஆகாது. எங்கள் கிணறோ வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரில் கடைந்தால் முதலில் தயிர்போலக் கட்டிப்படும், மத்து நகராது. அப்புறம் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். அதை அடித்தால் பூச்சி பிழைத்துக்கொள்ளும், இலை கருகிவிடும். அதனால் ஊருணித் தண்ணீரில்தான் கடைவார். அதை விட்டால் நல்ல தண்ணீருக்கு ஒரே இடம், அடுத்த ஊரில் சித்தி பிறந்த வீட்டுக் கிணறு.

அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. போன ஆடியில் சித்தியின் பிள்ளைக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் முடி இறக்கினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் இறக்க வேண்டும். சித்தியின் அண்ணனுக்கு விஸ்வநத்தத்தில் வெடிக் கம்பெனி வேலை. தீபாவளிச் சீசன் நேரம். லோடு ஏற்றிவிட்டு அவர் வந்து சேர்வதற்குள் பிள்ளை மொட்டையாகிவிட்டான். "இனி அந்த வீட்டுப் படிய இவ மிதிக்கக் கூடாது" என்று சித்தப்பா கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டார். சித்தியின் அம்மா பக்கவாதம் வந்து படுத்தபோதும் அவர் இறங்கி வரவில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் ஊருணித் தண்ணீரில் கடைந்த பாலும் திரிந்துவிட்டது. பருத்தியா வீராப்பா என்று வந்தபோது பருத்திதான் ஜெயித்தது. "வீட்டுக்குள்ள போக வேண்டாம். கிணத்துல சேந்திக்கிட்டு வந்துரு" என்று சித்தியிடம் சொன்னவர், சின்னப் பிள்ளையான என்னைக் காவலுக்கு அனுப்பினார். அந்த வீட்டில் காவல்காரியின் வாயில் ஒரு துண்டுக் கருப்பட்டி விழுந்தது. அதன் பிறகு அவள் எதையும் பார்க்கவில்லை. சித்தி உள்ளே போய்த் தன் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள், கஞ்சி புகட்டினாள். பேச முடியாத அந்த அம்மா சித்தியின் முந்தானையைப் பிடித்த கையை விடவேயில்லை.

அதற்குப் பிறகு ஊருணித் தண்ணீரில் பால் ஒருநாள் சேர்ந்தது, ஒருநாள் சேரவில்லை. சேராத நாளெல்லாம் நானும் சித்தியும் குடத்தோடு கிளம்பினோம். சித்தப்பாவுக்கு மண்டை காய்ந்தது. எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவர் அந்தப்பக்கம் போனதும் சித்தி ஒரு பிடி உப்பைக் கொண்டுவந்து பானையில் போடுவதைப் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் கண் பட்டால் உப்பைத் தலையைச் சுற்றித் தண்ணீரில் போடுவார்கள். பாலுக்கும் கண் பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்த சித்தப்பா அந்தத் தண்ணீரைத் திட்டித் தீர்த்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"கவலப்படாதீக சித்தப்பா. சித்தி உப்புப் போட்டுத் திருஷ்டி கழிக்கிறாகள்ல, எல்லாம் சரியாப் போயிரும்."

பிசைந்த கை அப்படியே நின்றது.

"யார்ட்டயும் சொன்னியா புள்ள?"

"இல்ல."

"சொல்லாத."

மறுநாள் காலையில் பால் அருமையாகச் சேர்ந்தது. சித்தப்பா மாட்டுக்கு வைத்திருந்த உப்பை அள்ளிக்கொண்டு வந்தார். "சும்மா போடக் கூடாது, சுத்திப் போடணும் சித்தப்பா" என்றேன். அவரும் பானையை மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே வந்துவிட்டது. அடுக்களைப் பக்கம் திரும்பாமலே சத்தம் கொடுத்தார்.

"இந்தா, இன்னைக்கும் திரிஞ்சுபோச்சு. போயி நல்ல தண்ணி எடுத்துட்டு வா. பொழுதுசாய வந்தாப் போதும்."

சித்தி வலது கையை மூடியபடி வந்து நின்றாள். பானையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் விரலிடுக்கிலிருந்து உப்பு உதிர்ந்தது.

சித்தி இறந்து வெகுகாலமாகிறது. அவள் இடுப்புக் குடத்தை ஒட்டிக்கொண்டு அந்தக் கரிசல் பாதையில் இன்னொரு தரம் நடக்க மாட்டோமா என்று மனசு கிடந்து ஏங்குகிறது. அன்று வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். நானோ, சித்தப்பாவுக்கே சுற்றிப் போடச் சொல்லிக்கொடுத்த பெருமையில், என் சின்னக் குடத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் ஓடினேன்.