புத்தகத்தில் விடுதலையானவர்

தடுப்பு முகாமிலிருந்து வந்தவன் எழுதினால் வாசிக்க ஆள் உண்டு என்று எனக்குச் சொன்னவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பதிப்பாளர். நான் முரசுமோட்டையில் வயல் செய்கிறவன். பன்றி வரம்பை உழுததைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன். அதை யாரும் கேட்கவில்லை. அடி வாங்கியதை எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

யுத்தம் முடிந்ததும் எங்களை அடைத்த முகாமுக்கு அரசாங்கம் வைத்த பெயர் புனர்வாழ்வு. எங்களுக்குக் கிடைத்த புதுவாழ்வு எப்படிப்பட்டதென்றால், விடிய எழும்பி வரிசையில் குந்துவோம், எண்ணுவார்கள். பிறகு பாதையோரக் கற்களுக்கு வெள்ளை அடிப்போம். மழை வந்து கழுவிவிடும். திரும்பவும் அடிப்போம். அதிகாரிகளின் தோட்டத்தில் கத்தரி நட்டோம். காய் ஒருநாளும் எங்கள் தட்டுக்கு வழி கண்டுபிடிக்கவில்லை. மேசன் வேலை படித்ததாகக் கடைசியில் ஒரு சான்றிதழும் தந்தார்கள். நான் கட்டிய சுவர் எங்கேயாவது இன்னும் நிற்கிறதென்றால் அது அந்தச் சுவரின் நல்ல மனம்.

முதல் பிரதியை வாசித்துவிட்டுப் பதிப்பாளர் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, நல்லாயிருக்கு. ஆனா கக்கூஸ் வரிசையைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறியள். அடியைப் பற்றி மூண்டு பக்கம்தான்."

"தம்பி, அடி கொஞ்ச நேரம். வரிசை ஒவ்வொரு நாளும்."

"வாசகர் அதை விரும்பமாட்டினம் அண்ணை."

வரிசையைக் குறைத்தேன், அடியைக் கூட்டினேன். நான் வாங்காத இரண்டு அடியும் அதில் சேர்ந்துவிட்டது. வேறொருவர் வாங்கியவை. அவர் கோவிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்புக்காக எல்லோருடைய பெயரையும் மாற்றினேன். அப்படி மாற்றிய பெயரோடு புத்தகத்தில் வருகிறவர்களில் எல்லோருக்கும் பிடித்தவர் எங்கள் மொழிபெயர்ப்பாளர். கனகராயன்குளத்துக்காரர். தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் சின்ன வயதில் சிங்கள ஊரொன்றில் மாமன் வீட்டோடு போயிருந்து கடையொன்றில் நின்றவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் முகாமில் அதிகாரி ஏசுவதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் சொல்லும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. அதிகாரி எங்கள் தாய், தமக்கை, பரம்பரை எல்லாவற்றையும் இழுத்து இரண்டு நிமிடம் கத்துவார். இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார். "ஐயா எல்லாரையும் சுகம் விசாரிக்கிறார். கொஞ்சம் கெதியா வெட்டட்டாம்." நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு மண்வெட்டி பிடித்த பாட்டைவிடப் பெரிது. ஒருமுறை நான் மண்வெட்டிப் பிடியை முறித்துவிட்டு மாட்டிக்கொண்டேன். நான் உளறியதை அவர் சிங்களத்தில் என்னவாகச் சொன்னாரோ, அதிகாரி என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஒருநாள் காலை எண்ணிக்கை முடிந்த கையோடு ஒரு வான் வந்தது. வேறிடத்தில் விசாரணைக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். "பின்னேரம் வந்திடுவன், என்ர சோத்தை எடுத்து வையுங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறினார். எடுத்து வைத்தேன். அடுத்த நாளும் எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் நானே சாப்பிட்டேன். அவர் எங்கே என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குச் சிங்களம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நான் வெளியே வந்த பிறகு வவுனியாவுக்குப் போகும்போதெல்லாம் பஸ் கனகராயன்குளத்தில் நின்று போகும். வீட்டைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது என்று தெரியாததால் யன்னல் பக்கம் பாராமல் இருந்து பழகினேன். இந்த வீரத்தைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை.

பதிப்பாளர் மறுபடியும் எடுத்தார். "அண்ணை, அந்த மொழிபெயர்ப்பாளரை வானில ஏத்தி விட்டிட்டு அப்பிடியே முடிச்சிட்டியள். புத்தகத்தை மூடேக்க வாசகருக்கு ஒரு நம்பிக்கை வேணும்."

"நம்பிக்கைக்கு நான் எங்க போறது?"

"நீங்கள்தானே எழுதுறியள். ஆளை வெளியில விடுங்கோ."

விட்டேன். எந்த அரசாங்கமும் செய்யாததை ஒரே பின்னேரத்தில் செய்தேன். வான் வந்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, கழுத்தில் மாலையும் கையில் சான்றிதழுமாக அவரை வாசலுக்கு அனுப்பினேன். வாசலில் அவருடைய தாய் வடைப் பொட்டலத்தோடு நின்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எழுதும்போது நானும் அழுதேன். பொய் எழுதும்போது எனக்குக் கண்ணீர் நன்றாக வரும்.

வெளியீட்டு விழா கிளிநொச்சியில் நடந்தது. ஆறு பேர் பேசினார்கள். நான்கு பேர் வாசிக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. வாசித்த இரண்டு பேரும் கடைசி அத்தியாயத்தைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். அந்த விடுதலைக் காட்சியில் மனித மாண்பு ஒளி வீசுகிறதாம். நான் முன்வரிசைக் கதிரையில் மாலையோடு இருந்து, ஒளி வீசியது நான்தான் என்பதுபோலத் தலையாட்டினேன். எங்களோடு முகாமில் இருந்த ஒருவர் சிற்றுண்டி முடிந்ததும் கிட்ட வந்தார்.

"அவனை எப்ப விட்டவங்கள்?"

"இல்லையடாப்பா, புத்தகத்துக்காக அப்பிடி முடிச்சனான்."

"ஓ, புத்தகத்துக்கோ" என்றுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பொறாமை என்று நினைத்தேன்.

சில மாதங்களின் பின் ஒரு காலை, "என்னப்பா, உங்களைத் தேடி ஒரு அம்மா வந்திருக்கிறா" என்று மனைவி கூப்பிட்டாள். வாசலில் மெலிந்த ஒரு பெண், வயது எழுபதுக்கு மேல். ஒரு கையில் பூசணிக்காய், மறு கையில் பையில் சுற்றிய என் புத்தகம். இத்தனை வருடம் வன்னியில் இருந்தும் பேச்சில் மலைநாடு போகவில்லை.

"தம்பி, எம் புள்ளய விட்டுட்டாங்கன்னு நீங்க ஒருத்தர்தான் எழுதியிருக்கீங்க. நல்லா இருக்கணும் நீங்க."

பக்கத்து வீட்டு ரீச்சர் வாசித்துக் காட்டினாராம். ஏச்சைச் சுகம் விசாரிப்பாக மாற்றிச் சொன்ன இடம் வந்ததும் இவர் மகனைக் கண்டுபிடித்துவிட்டார். "பேர மாத்திட்டா பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். முகாமில் இரண்டுமுறை போய்ப் பார்த்தாராம். மூன்றாம்முறை, அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

பிறகு சிரிப்பு நின்றது. "கேட்டுல நான் நின்னேன்னு எழுதியிருக்கீங்க. நான் நிக்கலியே தம்பி. எனக்கு யாரும் சொல்லலியே. வெளிய வந்து பாத்துட்டு, அம்மா வரலன்னுதான் கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிட்டானா?"

இந்தக் கேள்வியோடு அவர் எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தாரோ என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

அவர் முடிக்கவில்லை. காணாமல்போனவர்களின் மனுக்களைச் சேர்த்துவைக்கும் அலுவலகம் ஒன்றுக்கு அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். இத்தனை வருடமாக அவர் சொன்னதை எழுதிக்கொள்ளவே அலுத்துக்கொண்ட இடம். பெயர் மாறியிருந்தும் என் எழுத்தை உடனே நம்பிவிட்டது. போட்டோப்பிரதி எடுத்து, விடுதலையானவர் காணாமல்போனவர் ஆகமாட்டார் என்று சொல்லி, கோப்பை மூடிவிட்டார்கள். "அவங்களுக்கும் சந்தோசந்தான்" என்றார். இருக்காதா பின்னே.

"அம்மா, அது பொய்" என்றேன். "புத்தகத்துக்காக எழுதினது. அவரை விடேல்லை. ஒரு வான் வந்து ஏத்திக்கொண்டு போனது. அதுக்குப் பிறகு நான் காணேல்லை."

ஏசுவார், அடிப்பார் என்று நினைத்தேன்; அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவி வைத்த தேத்தண்ணீரைத் தள்ளிவைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அத ஆபீசுல வந்து சொல்லுங்க தம்பி" என்றார்.

அடுத்த நாள் வவுனியாவில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி தமிழர், மரியாதையானவர்.

"ஐயா, உங்கட புத்தகம்தானே? அட்டையில முழு உண்மை எண்டு போட்டிருக்கு."

"கடைசி அத்தியாயம் மட்டும் பொய்."

"மற்றதெல்லாம்?"

"உண்மை. ரெண்டு அடியைத் தவிர."

அவர் பேனாவை மூடிவைத்தார். "கோவியாதேங்கோ. அச்சில ஒண்டு எழுதியிருக்கிறியள். இப்ப கையால வேறொண்டு எழுதித் தரப்போறியள். ரெண்டையும் எழுதினது நீங்கள்தான். நான் எதை நம்புறது?"

கேட்டது நியாயம். அதுதான் சுட்டது. வானில் ஏற்றியவர்கள் எழுத்தில் ஒன்றும் தரவில்லை. விடுதலைப் பத்திரத்தை அவர்களுக்காக நான் எழுதிக் கொடுத்திருந்தேன், மாலையும் வடையும் வைத்து.

அங்கேயே இருந்து ஒரு பக்கம் எழுதினேன். முந்நூறு பக்கத்திலும் எழுதாத அவருடைய சொந்தப் பெயரை முதல் வரியில் எழுதினேன். அலங்காரம் ஒன்றும் இல்லை. அதிகாரி அதை வாங்கிப் போட்டோப்பிரதிக்குக் கீழே வைத்துக் கட்டினார். "மேல அனுப்புறன். கோப்பைத் திறக்கிறதோ எண்டு அவையள்தான் சொல்லவேணும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். ஓமந்தை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"வேன்ல ஏறுறப்ப எம் புள்ள சாப்பிட்டிருந்தானா?"

"ஓம் அம்மா, வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுத்தான் ஏறினவர்" என்றேன். நினைக்க முதலே வாயில் வந்துவிட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இது நடந்ததா தம்பி, இல்ல பொஸ்தகத்துக்கா?"

"சாப்பிடேல்லை அம்மா" என்றேன்.