அக்காவுக்காக வளர்த்த கோழிகள்

இன்று காலை நடந்தவை, வரிசைப்படி:

1. நான் குடியிருக்கும் மதுரை வீட்டின் பின்பக்கம் கோழிகள் கூச்சலிட்டன.
2. வீட்டுக்கார அம்மாள் விளக்குமாற்றோடு ஓடினார். கீரி அவரைவிட வேகமாக ஓடிவிட்டது.
3. எல்லோரும் கோழிகளை எண்ணினார்கள். நான் குனிந்து கம்பி வேலியின் அடியைப் பார்த்தேன்.
4. எதிர்பார்த்த இடத்திலேயே குழி இருந்தது. கிளறிய மண் ஈரமாக வாசம் வீசியது.

அந்த வாசத்தில் ஒரு குறை இருந்தது. பூண்டு வாசம் இல்லை. கொடைக்கானல் மலைமேல் எங்கள் ஊரான பூண்டியில் மண், கம்பளி, என் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றிலும் அது இருக்கும். அடுப்புக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் புகையில் காய்ந்துகொண்டே இருக்கும். கொடைக்கானலுக்குப் படிக்கப் போனபோது பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காரணமே புரியவில்லை.

கோழிக்கு வருகிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். மன்னவனூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா, முதல் குழந்தையைப் பிரசவத்தில் பறிகொடுத்துவிட்டுத் தானும் எலும்பும் தோலுமாகப் பிழைத்து வந்தவள். மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்ததும் அம்மா இன்னும் முட்டைக்கு வராத இளசாக எட்டு வெடைக்கோழிகள் வாங்கினாள். பெற்ற உடம்பு தேறக் கோழிச்சாறு வேண்டும். மழை மாதத்தில் பாதை அடைத்துக்கொண்டால் கோழிக்கு எங்கே போவது? அதனால் வாட்டில் மரக் கம்புகளை நட்டு, கம்பி வலை கட்டி, கொல்லையில் ஒரு வேலி போட்டாள். அதற்குள் இருந்த எட்டையும் அக்காவின் உயிராகவே நினைத்தாள்.

முதல் எதிரி வானத்திலிருந்து வந்தது. பட்டப்பகலில் ஒரு பருந்து வெடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு சோலைக்காட்டுப் பக்கம் போனது. அப்பா, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் கழித்துப் போட்ட டென்னிஸ் வலையைக் கேட்டு வாங்கிவந்து வேலிக்கு மேலே கட்டினார். காலையில் பனித்துளி கோத்து நிற்கும்போது எங்கள் கோழிகளுக்குத்தான் ஊரிலேயே அழகான கூரை. பருந்து இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு சோலி தேடிப் போனது.

பிறகு கீரி. வேலியின் அடியில் குடைந்து உள்ளே வந்து இரண்டை முடித்தது. அப்பா எதற்கும் பூண்டுதான் மருந்து என்பவர். வேலியைச் சுற்றிப் பூண்டுத் தாளைப் பரப்பினார்.

"இந்த வாசத்துக்குப் பாம்பே அண்டாது, கீரி எங்கிட்டு வரும்?"

"பாம்பு அண்டலைன்னா அது பசியோடல்ல வரும்!" என்றாள் அம்மா.

வந்தது. தாளை மிதித்துக்கொண்டே வந்தது. அம்மா கம்பி வலையை ஒரு முழம் ஆழத்துக்குப் புதைத்தாள். கீரி ஒன்றரை முழம் தோண்டியது. இரண்டு தடவையும் கோழிகள் கத்திய கத்தலில் ஓடிப்போய் விரட்டினோம். கோபம் போய் அவளுக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. அன்று பகல் முழுக்கச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கேரட் பாத்தியில் அசையாமல் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். எழுந்து வந்து, "அதுக்கு மூக்கு இடிக்கிற எடத்துலதான் தோண்டத் தெரியுது. ரெண்டடி தள்ளி நின்னு தோண்டணும்னு தோணல" என்றாள்.

மறுநாள் வெள்ளனே நாங்கள் மூவரும் ஓடையிலிருந்து தட்டைக் கற்களைச் சுமந்து, வேலியை ஒட்டி வெளிப்பக்கம் இரண்டடி அகலத்துக்குப் பாவினோம். கீரி வந்தது. மூக்கு இடித்த இடத்தில் கல். சுற்றிச் சுற்றிப் பார்த்தும் எங்கும் கல். இன்று அணைக்கட்டுகளுக்குப் படம் வரைவது என் வேலை. தண்ணீர் அடியைக் குடையாமலிருக்க அணையை ஒட்டிக் கல் தளம் வரையும்போதெல்லாம் எனக்குக் கேரட் பாத்தியில் உட்கார்ந்திருந்த அம்மாதான் தெரிகிறாள்.

ஐந்து மிஞ்சின. அந்த ஐந்தையும் அக்காவே காவல் காத்ததுதான் வினை. எட்டாம் மாதம் வந்தவள், சும்மா உட்கார முடியாமல் நீளக் கம்போடு வேலியோரம் முக்காலி போட்டுக்கொண்டாள். ஒரு வாரத்தில் ஐந்துக்கும் பெயர் வைத்துவிட்டாள்.

மழை மாதத்தில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. மூன்றாம் நாள் அம்மா அடுப்பில் வெந்நீர் போட்டுவிட்டு வேலிக்குள் போனாள். கோழி கத்தியது. உள்ளறையிலிருந்து அக்கா கேட்டாள்:

"யாரும்மா அது? வெள்ளச்சியா?"

"கோழிடி. உனக்குத்தான்."

"அவளத் தொட்டீங்கன்னா நான் கஞ்சிகூடக் குடிக்க மாட்டேன்."

அம்மா கோழியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். "பருந்துட்டருந்து காப்பாத்தி, கீரிட்டருந்து காப்பாத்தி... எல்லாம் யாருக்குடி? பெத்த உடம்புக்குத் தெம்பு வேணாமா?"

"முட்ட வைக்குதுல்ல. அதக் குடுங்க."

போன தடவை அவள் கிடந்த கிடப்பு அம்மாவுக்கு மறக்கவில்லை. ஆனால் இப்போது அந்தக் குரலில் இருந்த பிடிவாதத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "சண்ட போடுறா. தேறிக்குவா," என்று அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு வெள்ளச்சியைக் கீழே விட்டாள்.

ஆனாலும் சாற்றை விடுவாளா? பாதை அடைபடுமுன் அப்பா மழையோடு கொடைக்கானல் சந்தைக்குப் போய், ஒரு கோழியைச் சாக்கில் சுற்றிக் கொல்லைப்பக்கமாகக் கொண்டுவந்தார்.

"வெரசா அறுத்துருங்க. பாத்தா இதுக்கும் பேரு வச்சிருவா," என்றாள் அம்மா.

அந்த மாதம் முழுக்க, அப்பா இப்படியே ஒவ்வொன்றாக வாங்கிவந்த ஊரார் கோழிகளின் சாற்றைக் குடித்து அக்கா தேறினாள். எங்கள் ஐந்தும் வயதாகி ஒவ்வொன்றாகத் தானே போயின. அதற்குப் பிறகு அம்மா கோழி வளர்க்கவில்லை.

வேலி இருந்த இடத்தில் இப்போது கேரட் கழுவும் தொட்டி இருக்கிறது. டென்னிஸ் வலை மக்கிவிட்டது. அம்மா முட்டையைச் சந்தையில் வாங்குகிறாள். அக்கா மன்னவனூரில் இருக்கிறாள்; மகளுக்குப் பத்து வயது, அடுத்தது வயிற்றில். இந்தப் பிரசவம் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் என்று முடிவாகியிருக்கிறது.