தேசிக்காய் வெளிச்சமும் சுபைதா மாமியும்

செய்கிற தொழிலை அக்கம்பக்கத்துக்கு விளங்கவைக்க முடியாமல் தவிக்கும் கூட்டத்தாரே, நானும் உங்களில் ஒருத்திதான்: புற்றுநோய்க் கலங்களை, அதாவது செல்களை, ஒளிரவைத்துக் காட்டும் ஆராய்ச்சி என்னுடையது.

எந்த நானா?

கல்முனையில் எங்கள் அடுத்த வீட்டுச் சுபைதா மாமிக்கு மார்பில் ஒரு கட்டி. என்னிடம் மட்டும்தான் சொன்னார். கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். வெட்கமும் பயமும் சேர்ந்து அவரை அசையவிடவில்லை. “நீ படிச்ச புள்ள, நீயே பாரன்” என்றார்.

“எங்கட வேல நானோ மருந்து, மாமி. கண்ணுக்குத் தெரியாத துகள். அது இன்னும் ஆக்களுக்கு வரல்ல” என்று பக்குவமாக விளக்கினேன். எங்கள் ஊரில் நானா என்றால் அண்ணன். மாமியின் முகத்தில் நம்பிக்கை வந்தது.

“எந்த நானா புள்ள? மருதமுனையாரா, நிந்தவூராரா?”

ஒரு கிளாஸ் சாறு

அந்தத் துகளைத் தேசிக்காய்ச் சாற்றிலிருந்துதான், அதாவது எலுமிச்சைச் சாற்றிலிருந்துதான், எடுக்கிறோம். சாற்றை இறுக மூடிச் சூடாக்கினால் நுண்ணிய கரித்துகள் கிடைக்கும். புற்றுக் கலம் விரும்பி உள்ளிழுக்கும் ஒரு விற்றமினை அதில் ஒட்டிவிடுவோம். தட்டில் வளர்த்த கலங்கள் முதன்முதலாக நீலமாய் மினுங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டு வாசலிலேயே உம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வேலிக்கு அப்பால் மாமி நின்றதைக் கவனிக்கவில்லை.

அடுத்த கிழமை கிளினிக் கதையை மறுபடி எடுத்தேன். மாமியின் கையில் ஒரு கிளாஸ் இருந்தது.

“நீங்க காய்ச்சிறதும் தேசிக்காதானே? நான் பச்சையாவே குடிக்கிறன். மறுகா என்னத்துக்குக் கிளினிக்கு?”

வெறுங்கை

மறுநாள் மாமியை ஸ்கூட்டியில் ஏற்றி ஆய்வுகூடத்துக்கே கொண்டுபோனேன். மினுங்கும் தட்டைக் காட்டினேன். “இந்த வெளிச்சம் இந்தத் தட்டுக்குள்ள மட்டும்தான், மாமி. ஒங்கட ஒடம்புக்குள்ள வர இன்னும் எத்தனையோ வருசம் ஆகும். அதுவரைக்கும் கட்டி காத்துட்டு இருக்காது” என்றேன். குரல் உடைந்துவிட்டது. மாமி தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “சரி, ஸ்கூட்டிய எடு” என்றார்.

பெண் டொக்டர் தடவிப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கும் ஊசிப் பரிசோதனைக்கும் அனுப்பினார். புற்றுத்தான், ஆனால் ஆரம்பம். வெட்டி எடுத்தார்கள், சிகிச்சையும் முடிந்தது. இப்போது வேலியடியில் நின்று மாமி ஊரையே அதட்டுகிறார். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைகிறது. என்னைக் கண்டால் மட்டும் அவருக்குச் சிரிப்பு.

“அந்த டொக்டர் வெறுங்கையால தடவியே கண்டுபுடிச்சிட்டா. நீ இன்னும் லைட்டப் புடிச்சிட்டு நிக்கிறாய்!”

எங்கள் ஆராய்ச்சியால் இதுவரை குணமான ஒரே ஆள், என் ஸ்கூட்டியின் பின்சீட்டில் ஏறிப்போய்த்தான் குணமானார்.