ஏறும் என்பது என் பக்கம்

எங்கள் வீட்டில் பந்தயம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அம்மா டீச்சர்; ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. அவருக்கு வாய்த்த ஒரே தம்பியோ, சனிக்கிழமை ஆனால் குதிரை ஓடுகிற இடத்தில் இருப்பார். குதிரை ஓடாத நாளில் கிரிக்கெட். அதுவும் இல்லையென்றால், அடுத்து வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருக்குமா என்பதன் மேலாவது பந்தயம் கட்டுவார். எதிலும் ஜெயித்ததாகத் தகவல் இல்லை. கடைசியில் வேலையும் போய், முடிச்சூரில் எங்கள் மொட்டைமாடி அறைக்கு வந்து சேர்ந்தார். அம்மா சோறு போட்டார், பேச்சை நிறுத்திவிட்டார். மாமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "மாமாவ சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வார். நானும் போய்ச் சொல்வேன். அந்தத் தபால்காரர் வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அந்த டிசம்பர் மழையில் அப்பா வெளியூரில் மாட்டிக்கொண்டார். விடிந்து பார்த்தால் ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா, கைக்குழந்தையாக இருந்த தங்கை, நான், மாமா நால்வரும் மாடிப்படியின் மேலே உட்கார்ந்து ஹாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் இடிந்து விழுந்த சத்தத்தில் நான் அலறி அழ ஆரம்பித்தேன்.

மாமா என் காதருகில் குனிந்தார். "குட்டி, பெட் கட்டலாமா? தண்ணி சுவிட்ச் போர்டு வரைக்கும் ஏறும்னு நீ. ஏறாதுன்னு நான்."

அம்மாவுக்கும் கேட்டது. அவர் திட்டவில்லை.

சுவிட்ச் போர்டு மூழ்கியதும் மாமாவின் டார்ச் என்னுடையதானது. வேதவசனக் காலண்டர் நனைந்ததும் அவருடைய பழைய கோல்கீப்பர் கையுறை. ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தபோது நான் கைதட்டினேன். இதுவும் போச்சே என்று மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். தண்ணீர் வடிய வேண்டும் என்று அம்மா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் அதே ஆண்டவரிடம், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் ஒரு படகு வந்தது. கோவளத்து மீனவர்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த படகு. மூழ்கிய கேட்டுகளில் இன்ஜின் மாட்டிக்கொள்ளும் என்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளி வந்தார்கள். ஏற்கெனவே அதில் தெருக்காரர்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மொட்டைமாடியிலிருந்து சன்ஷேடில் இறங்கி நின்றிருந்த எங்களைக் கைகொடுத்து இறக்கினார்கள். மாமா காலை வைக்கப் போனபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இன்னொரு ஆள் ஏறுனா கவுந்துக்கும் சார்," என்றார் கழி பிடித்திருந்தவர். "இவங்கள வுட்டுட்டு வந்து உங்கள இட்டுகினு போறோம்."

மாமா காலை எடுத்துக்கொண்டார். அம்மா என் தோளை இறுகப் பிடித்தார். மாமாவை ஜாக்கிரதையாக இருக்கச் சொல் என்றார். நான் சத்தமாகச் சொன்னேன்.

"கடைசி பெட்டு, குட்டி," என்றார் மாமா. "போட் திரும்பி வரும்னு நீ. வராதுன்னு நான். தோத்தா வாட்ச் உனக்கு." சொல்லிவிட்டு, குனிந்து அதை அப்போதே கழற்றி என் கையில் மாட்டிவிட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். அம்மா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டருகிலேயே நின்றார். மீட்கப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். மாமா எதிலும் இல்லை. அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மாமா பெட்டுல ஜெயிச்சதே இல்லம்மா," என்றேன். அம்மா என் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாமா வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் நடுங்கியது. என்னைப் பார்த்து, தோற்றுவிட்டேன் என்று உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். அம்மா எங்கிருந்தோ ஒரு சாம்பார் சாதப் பொட்டலம் வாங்கிவந்து, பிரித்து அவர் முன் வைத்தார்.

"சாப்பிடுடா," என்றார். என்னிடம் அல்ல, அவரிடம். பிறகு தன் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்தவள் நான். தோற்றுப்போன மனிதரை அம்மா எதற்கு இப்படித் தாங்குகிறார் என்று முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.