படத்தில் வருவார்

நான் எடுத்த படம் ஒன்றில் ஒரு பெண் தன் கணவனுடைய புகைப்படத்துக்கு மாலை போடுகிறாள். பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் காட்சியைத்தான் பாராட்டினார்கள். மாலையைப் போட்டுவிட்டு அவள் கையை எடுக்கும்போது வெளியே முற்றத்து வாசலின் மரப் படலை இழுபடும் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் அந்தச் சத்தத்தை வைக்க எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அந்தச் சத்தத்தை நாங்கள் வைக்கவில்லை. அந்த மாலையைப் போடும் உரிமையும் எங்களுக்கு இருக்கவில்லை.

கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் படம் எடுக்கத் தொடங்கினேன். குறும்படமல்ல, முழுநீளப் படம். கெமராக்காரர் திருகோணமலை டவுனில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். ஒலிப்பதிவு செய்தவர் குறிஞ்சாக்கேணியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். மைக்கைத் தூண்டில் தடியில் கட்டி நீட்டிப் பிடிப்பார். கதாநாயகி உப்புவெளியில் பாலர் பாடசாலை நடத்தும் ஆசிரியை. வெள்ளைப் படுக்கை விரிப்பை வெயிலுக்குப் பிடித்து முகத்தில் வெளிச்சம் விழுத்துவோம். எங்கள் படங்களில் எல்லாமே இரவல். வீடு இரவல், சேலை இரவல், முற்றத்தில் படுத்திருக்கும் நாய்கூட இரவல்.

மெமரி காட் இரண்டே இரண்டுதான் வைத்திருந்தோம். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் சாமான்களைக் கட்டும்போது ஒலிப்பதிவுக்காரர் கேட்பார்: "சேர், பழுதாப்போனதையெல்லாம் அழிக்கட்டா?" நான் "அழியுங்கோ" என்பேன். இதைப் பின்னர் சொல்ல வேண்டி வரும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அந்தப் படத்துக்குக் கப்பல்துறையில் ஒரு வீடு கிடைத்தது. துறைமுகத்துக்குள் கப்பல் ஊதினால் அங்கே கேட்கும். வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தார். ஐம்பது கடந்தவர், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. சண்டைக் காலத்தில் அவருடைய கணவர் ஒருநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போனார், திரும்பவில்லை. அந்தப் பெண் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது பழைய வீடு இருக்கவில்லை. படலை மட்டும் நின்றது. வீட்டுத் திட்டத்தில் புதிதாகக் கல்வீடு கட்டிக் கொடுத்தார்கள். புதுக் கேற் போட்டுத் தருவதாகச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. "கேற்றை மாத்தினா அவருக்கு வீடு மட்டுப்படாது, அடையாளம் தெரியாது" என்று சொன்னாராம்.

முன்னறைச் சுவரில் கணவரின் படம் தொங்கியது. கறுப்புச் சட்டகம், ஸ்டூடியோவில் எடுத்தது, கழுத்து வரை பொத்தான் பூட்டிய சேட். மாலை இல்லை, விளக்கு இல்லை, கண்ணாடியில் சந்தனம் இல்லை. எங்கள் வீடுகளில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அவர் உயிரோடு இருக்கிறார்.

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை அந்தப் பெண் கவனித்துவிட்டார்.

"ஐயா, உங்கட படத்தில அவரும் வருவாரோ?"

சுவரில் தொங்கும் அந்தப் படம் எங்கள் படத்தில் தெரியுமா என்றுதான் கேட்டார். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

"ஓம் தங்கச்சி, வருவார்."

"என்ன கதை?"

என் கதையில் அந்தப் பெண்ணின் கணவன் செத்துப்போகிறான். காத்திருந்து காத்திருந்து கடைசியில் அவளே அவன் படத்துக்கு மாலை போட்டுத் தன் காத்திருப்பை முடித்து வைக்கிறாள். அதை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவரிடம் சொன்னது வேறு. "ஒரு பொம்பிளை மனுசனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறா. கடைசியில அவர் வந்திடுவார்" என்றேன். அவர் உடனே குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். வீடு கிடைத்துவிட்டது.

முதல் நாளே ஒலிப்பதிவுக்காரர் கையை உயர்த்தி வேலையை நிறுத்தினார். மத்தியானம், வெயில் முற்றத்தில் வெள்ளையாக நின்றது. ஒரு இலை அசையவில்லை.

"ஆரோ படலையைத் திறக்கிறாங்க, சேர்."

நான் எட்டிப் பார்த்தேன். படலை சாத்தி, சங்கிலி கொளுவியபடி இருந்தது. ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

"காத்தாயிருக்கும்" என்றார் கெமராக்காரர்.

"காத்தெண்டா மைக்கில ஊதும். இது சங்கிலி. பொறகு மரம் சரளைக் கல்லில இழுபடுது. வேணுமெண்டா கேட்டுப் பாருங்க." ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். பதிவில் கேட்டது. சங்கிலி கழன்றது, படலை இழுபட்டது, அவ்வளவுதான்.

"பேயோ?" என்று சிரித்தார் கெமராக்காரர்.

"பேயெண்டா எனக்குப் பயமில்ல. காட் நிரம்பினாத்தான் பயம்."

அதற்குள் வீட்டுக்காரப் பெண் குசினியிலிருந்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எங்களைக் கடந்து முற்றத்தில் இறங்கிப் படலைக்குப் போனார். பூட்டியிருந்த சங்கிலியைக் கழற்றித் திரும்பவும் கொளுவிவிட்டு வந்தார்.

"அவர்தான்" என்றார், தபால்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்வதைப் போல. "வரேக்க சங்கிலியைக் கழட்டித் தள்ளிப்போட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திடுவார். திரும்பிக் கொளுவிற பழக்கம் இல்லை. ஆடு பூந்திடும் எண்டு நான்தான் போய்க் கொளுவுறது."

ஒருவரும் சிரிக்கவில்லை. நாய் மட்டும் எழுந்து, முற்றத்தின் நடுவே ஆளில்லாத இடத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. அவர் போய்ப் பல வருஷங்களின் பின் பிறந்த நாய் அது.

அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அந்தச் சத்தம் எங்கள் ஷொட்டைப் பழுதாக்கியது. சங்கிலி, படலை, பிறகு அமைதி. அவர் போய்க் கொளுவிவிட்டு வருவார். நாங்கள் திரும்ப எடுப்போம். மாலையில் "அழிக்கட்டா சேர்?" என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்பார். "அழியுங்கோ" என்பேன்.

மாலை போடும் காட்சி நெருங்கியது. செத்த கணவனுக்கு ஒரு படம் வேண்டும். நடிக்கிற ஆள் இல்லை. படம் மட்டும் போதும். கெமராக்காரரின் தம்பியுடைய படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து பார்த்தோம். கலியாணத்துக்குப் பெண் பார்க்கக் கொடுத்த படம் போலத்தான் இருந்தது. அது அவர்களுடைய தாய்க்குத் தெரியவந்ததும் ஓட்டோ பிடித்து வந்து படத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

"சேர், உங்கட படத்தையே மாட்டுவமே. வயசும் சரி, முகத்திலயும் ஒரு இது இருக்கு" என்றார் கெமராக்காரர்.

"விசர்க்கதை கதையாதையும்" என்றேன். பகிடியாகச் சொன்னதைப் போல இருந்தது. உண்மையில் பயந்துவிட்டேன். பல வருஷம் ஆங்கிலமும் தமிழும் படித்தவன், சகுனம் பார்க்காதவன் என்று பேர் எடுத்தவன். என் கழுத்துக்கு மாலை விழுவதை நினைக்க எனக்கு ஏலாமல் இருந்தது. சுவரில் தொங்கிய அந்தப் படத்தைத்தான் பார்த்தேன். பழைய படம், மங்கல், உண்மையான முகம்.

ஆசிரியைக்கு விளங்கிவிட்டது. "சேர், அது வேண்டாம். அவ அவருக்காகப் பொட்டு வைச்சுக்கொண்டு இருக்கிறா."

"படத்துக்குத்தானே பிள்ளை. முடிஞ்சவுடன கழட்டிடுவம்."

"உங்கட படத்துக்கு மாலை போட ஏலாது. அவவின்ர மனுசன்ர படத்துக்கு ஏலுமோ?"

பாடசாலை விடுமுறை முடியப்போகிறது, அதன் பிறகு உங்களுக்கு நேரமில்லை என்று வேறு கதைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்காரப் பெண் டவுனுக்குக் கோயிலுக்குப் போவார். அந்த நாளைத்தான் தெரிவு செய்தேன். காலையில் பூக்கடையில் நின்றேன்.

"ஆருக்கு ஐயா மாலை?" என்று கேட்டார் கடைக்காரர்.

"படத்துக்கு."

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "எப்ப நடந்தது?" என்று கேட்டார். நான் அவரைத் திருத்தவில்லை. மாலையைப் பொதிந்து தந்தார்.

மத்தியானத்துக்குச் சற்று முன் அந்த ஷொட்டை எடுத்தோம். கண்ணாடியில் சந்தனம் வைத்தேன். நான்தான் வைத்தேன், வேறு ஒருவரும் கை வைக்கச் சம்மதிக்கவில்லை. ஆசிரியை மாலையைப் போட்டார். போட்டபடியே அழத் தொடங்கினார். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். நல்லாய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது படலை இழுபட்டது. ஒலிப்பதிவுக்காரர் என்னைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லாமல் தொடரும்படி கையைக் காட்டினேன். ஆசிரியையின் முகத்தில் அந்தக் கணத்தில் வந்ததை இன்னொரு தரம் எடுக்க ஏலாது.

முடிந்ததும் முற்றத்தைப் பார்த்தேன். நாய் படலையடியில் நின்று, கட்டைக்கு இடையால் மூக்கை நுழைத்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் அசையவில்லை.

மாலையைக் கழற்றி ஒலிப்பதிவுப் பெட்டிக்குள் ஒளித்தோம். கண்ணாடியைத் துடைத்தேன். பின்னேரம் அவர் கோயிலால் வந்து திருநீற்றை எங்கள் எல்லாருக்கும் நீட்டினார். படத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்றார். சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணாடியின் ஒரு மூலையை மெதுவாகத் துடைத்தார்.

"தூசி பிடிச்சிட்டுது என்ன" என்றேன்.

"ஓம்" என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் சத்தம் வரவில்லை. ஒலிப்பதிவுக்காரர் வழக்கம் போல ஹெட்போனோடு காத்திருந்தார். அதற்கடுத்த நாளும் இல்லை. எங்கள் வேலை சுத்தமாக, வேகமாக நடந்தது. அந்தச் சுத்தம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருவரோடு ஒருவர் மெல்லிய குரலில் கதைத்தோம். வீட்டுக்காரப் பெண் குசினி வாசலில் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். துறைமுகத்தில் கப்பல் ஊதியது, ஓய்ந்தது. அவர் உள்ளே போனார். படப்பிடிப்பு முடிந்து நாங்கள் புறப்பட்டபோது, "அவர் இப்ப வாறேல்லை" என்று மட்டும் சொன்னார்.

படத்தை வெட்டி ஒட்டி முடித்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் காட்டினோம். அவருக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. சில மாதங்களின் பின் அவர் பஸ் ஏறி டவுனில் என் வீடு தேடி வந்தார். கதிரையின் விளிம்பில் இருந்தார்.

"ஐயா, நீங்கள் மைக்கில அவர் வாற சத்தத்தைப் பிடிச்சனீங்கள்தானே. அதை ஒருக்காக் கேக்க ஏலுமோ?"

நான் குறிஞ்சாக்கேணிக்கு, ஒலிப்பதிவுக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"நீங்கதானே சேர் ஒவ்வொரு நாளும் அழிக்கச் சொன்னீங்க" என்றார் அவர். "ஒண்டே ஒண்டு இருக்கு. மாலை போடுறதில. அதுவும் டீச்சர்ட அழுகையோட ஒட்டிக் கிடக்கிறதால அழிக்க ஏலாமப் போச்சு."

அதைப் போனில் ஏற்றிக்கொண்டு அடுத்த கிழமை கப்பல்துறைக்குப் போனேன். முன்னும் பின்னும் இருந்த அழுகையை வெட்டி எறிந்து, அந்தச் சில விநாடிகளை மட்டும் வைத்திருந்தேன். அது எங்கே எடுத்ததென்று அவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அந்த வயதிலும் நான் அதைத்தான் யோசித்தேன்.

அவர் இயர்போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். கேட்டார். திரும்ப ஒருக்காப் போடச் சொன்னார். பிறகு இயர்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இது வாற சத்தமில்லை, ஐயா."

"அதே படலைதானே தங்கச்சி."

"படலை அதுதான். கடைசியில சங்கிலி கேக்குது. வெளியில நிண்டு ஆரோ கொளுவினது. வரேக்க அவர் கொளுவமாட்டார் எண்டு சொன்னனான்தானே. போகேக்க மட்டும் கொளுவிப்போட்டுப் போவார்."

நான் போனை வாங்கி என் காதில் வைத்தேன். எத்தனையோ தரம் கேட்ட சத்தம். படலை இழுபட்டது. பிறகு சங்கிலி, மெதுவாக, ஒவ்வொரு வளையமாகத் தூணில் விழுந்தது. இதற்கு முன் என் காது அதை எடுக்கவில்லை.

"ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டார். "போட்டு வாறன் எண்டு சொல்லாமப் போகமாட்டார். அண்டைக்கும் சொல்லிப்போட்டுத்தான் போனவர். சத்தமா வைச்சுக் கேட்டனீங்களோ?"

"ஒண்டும் கேக்கேல்லை."

அப்போதுதான் சொன்னேன். மாலையை, சந்தனத்தை, வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததை, கதையை மாற்றிச் சொன்னதை, வந்த சத்தங்களை நாள்தோறும் அழிக்கச் சொன்னதை, என் படத்துக்கு மாலை போட நான் பயந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார் கடைசியில். "மூலையில இருந்த சந்தனத்தைத் துடைச்சது நான்தானே. தூசி மணக்குமோ, ஐயா?"

பிறகு, "வருவார் எண்டனீங்கள். வந்ததைத்தான் பிடிச்சுப் பிடிச்சு அழிச்சிருக்கிறியள். போனதை வைச்சிருக்கிறியள்" என்றார். கோபமில்லாத குரல், கணக்கைச் சரி பார்ப்பவரின் குரல். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. சுவரில் கணவர் கழுத்து வரை பொத்தான் பூட்டியபடி என்னைப் பார்த்தார்.

அந்தச் சத்தத்தைத் தன்னுடைய போனுக்கு மாற்றித் தரச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன்.

நான் எழும்பினேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டிலிருந்து போகும்போது "போறன்" என்று சொல்வதில்லை, "போட்டு வாறன்" என்றுதான் சொல்வோம். அந்த வீட்டில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் இறங்கினேன்.

மத்தியானம். முற்றத்தில் ஒரு இலை அசையவில்லை. நாய் படுத்தபடி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. சங்கிலியைக் கழற்றி வெளியே வந்து படலையை இழுத்தேன். அது சரளையில் உரசிக்கொண்டு வந்தது. கொளுவாமல் விட்டால் ஆடு புகுந்துவிடும். உள்ளே அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரியும். சத்தம் வராதபடி சங்கிலியை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்து, ஒவ்வொரு வளையமாகத் தூணில் இறக்கினேன்.

ஆனாலும் அது கேட்டது.